எலிஹியோ பார்த்த படம்

என் பிறந்தநாளன்று பார்லரைப் பூட்டிவிட்டு, என் தம்பி எலிஹியோவைச் சினிமாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவனை வீட்டைவிட்டுக் கிளப்புவது லேசான காரியமில்லை. மனைவி செத்த பிறகு, முழங்கால் கெட்டு வாடகைக் கார் ஓட்டுவதையும் விட்ட பிறகு, அவனுக்குத் தெரிந்த பாதை ஒன்றுதான். வீட்டிலிருந்து மூலைக் கடை, கடைக்கு முன்னால் டோமினோ மேஜை, ஆட்டம் முடிந்தால் மறுபடி வீடு.

"துப்பாக்கிப் படம்னா வர்றேன்," என்றான்.

"துப்பாக்கிப் படம்தான்டா. சட்டையை மாத்து."

எனக்கே அது என்ன படம் என்று தெரியாது. சுவரொட்டியில் ஒரு கிழவனின் முகம் இருந்தது. மாட்டினி ஷோ. வெளியே மழை வருகிற மாதிரி புழுக்கம், உள்ளே ஏசி. அறுபத்து நாலு வயதில் பிறந்தநாளுக்கு அது போதும் எனக்கு.

எலிஹியோவுக்கு ஒரே மகள், டமாரிஸ். எங்கள் சாந்தியாகோவிலேயே சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால், எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்த வில்னேர் என்ற ஹைத்திக்காரனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றாள். அவன் முறையாகப் பெண் கேட்க வந்தான், இஸ்திரி போட்ட சட்டையோடு. எலிஹியோ அவனை உட்காரச் சொன்னான். பேசவிட்டுக் கேட்டான். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினான். வில்னேர் வாசல் கேட்டைத் தாண்டுவதற்குள் ரப்பர் குழாயைக் கொண்டுவந்து, அவன் உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தண்ணீர் அடித்துக் கழுவினான். வில்னேர் திரும்பிப் பார்த்தான். டமாரிஸும் பார்த்தாள். அன்று சாயங்காலமே ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பிறகு நைலா பிறந்தாள். இப்போது அவளுக்கு ஐந்து வயது. தாத்தா அவளை ஒருதரம்கூடத் தொட்டதில்லை.

இத்தனைக்கும் எங்கள் குடும்பத்திலேயே எலிஹியோதான் கருப்பு. வில்னேரைப் பக்கத்தில் நிறுத்தினால் இவன்தான் ஒரு படி தூக்கலாக இருப்பான். கேட்டால், "நான் கோதுமை நிறம்," என்பான். கருப்பு என்பது ஹைத்திக்காரர்களுக்கு மட்டும்தான். எங்கள் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் பேசுவார்கள், யாரும் சிரிக்கமாட்டார்கள்.

படம் தெற்கே ஏதோ ஒரு நாட்டில் எடுத்தது. மழையே பெய்யாத ஒரு சின்ன ஊர். அங்கே கிணறு வைத்திருக்கிற ஒரு கிழவன். மலையிலிருந்து பிழைக்க வந்த ஒரு குடும்பம் பக்கத்து வீட்டுக்குக் குடிவருகிறது. கிழவனுக்கு மலைக்காரர்களைக் கண்டாலே ஆகாது. அவர்கள் பேச்சைப் பழித்துக் காட்டுகிறான், அவர்கள் சமையல் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொள்கிறான். அந்த வீட்டுப் பெண் தண்ணீர் கேட்டு வந்து வாசல் நிலையில் கை வைத்துவிட்டுப் போனால், துணியை நனைத்துக்கொண்டு வந்து அந்த இடத்தைத் துடைக்கிறான். நடித்தவர் பெரிய கெட்டிக்காரர். வாய் முழுக்க விஷம், ஆனால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. கொட்டகையே சிரித்தது. எலிஹியோதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். என் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "இவன் நம்மாளு," என்றான்.

பாதிப் படத்துக்குமேல் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. மலைக்காரனின் சின்ன மகன் கிழவனின் கோழியைப் பிடித்துக்கொண்டு வந்து கொடுக்கிறான். கிழவன் அவனுக்கு ஒரு ரொட்டித் துண்டு தருகிறான், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே. இவன் திருந்திவிடுவான் என்று நான் நினைத்தேன். அடுத்த வாரம் ஊருக்குள் சிப்பாய்கள் வருகிறார்கள், யாரையோ தேடி. சாராயக்கடையில் நாலு பேர் கிழவனைச் சீண்டுகிறார்கள், மலைக்காரப் பையனுக்கு ரொட்டி கொடுத்தாயாமே, அவன் உன் பேரனா என்று. கிழவன் எழுந்து வெளியே வருகிறான். சிப்பாய்களிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பக்கத்து வீட்டைப் பார்த்துக் கையை மட்டும் நீட்டுகிறான்.

அதன் பிறகு அவன் வீட்டுக்குப் போகிறான். தட்டை எடுத்து வைக்கிறான். அவரைக்காய்க் குழம்பை ஊற்றிச் சாப்பிட உட்காருகிறான். வெளியே சத்தம் கேட்கிறது. இவன் சாப்பிடுகிறான். கேமரா அவன் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறது. கரண்டி தட்டில் இடித்துக்கொண்டே இருக்கிறது.

என் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. நாய் அடிபட்டால் வருமே, அந்த மாதிரி. முதலில் அது படத்தில் வருகிற சத்தம் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் எலிஹியோ வாயைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்திருந்தான். அவன் மனைவியைப் புதைத்த அன்றுகூட அவன் கண்ணில் தண்ணீர் வந்து நான் பார்க்கவில்லை.

"டேய், என்னடா? நெஞ்சு வலிக்குதா?"

இல்லை என்று தலையை ஆட்டினான். அப்புறம் படம் முடிகிற வரைக்கும் நான் திரையைப் பார்க்கவில்லை. விளக்கு வந்தது. ஜனங்கள் போய்விட்டார்கள். கூட்டுகிற பெண் துடைப்பத்தோடு வந்து எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, அவருக்கு உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"ஒண்ணுமில்லம்மா. படம் பாத்து அழறான்."

"அழாதீங்க தாத்தா, நடிப்புதானே," என்றாள் அவள்.

எலிஹியோ என் மணிக்கட்டைப் பிடித்தான். "நானும் சாப்பிட்டேன், நெரெய்டா," என்றான். "நேத்து போன் பண்ணிட்டு, உக்காந்து சாப்பிட்டேன்."

"யாருக்கு போன் பண்ணினே?"

"குடியேற்ற ஆபீஸுக்கு. மேற்குப் பக்கம் புதுசா அடுக்குமாடி கட்றாங்களே, அங்க பேப்பர் இல்லாத ஹைத்திக்காரங்க இருக்காங்கன்னு சொன்னேன். காலையில எத்தனை மணிக்கு வருவாங்க, எந்த வாசல் வழியா ஓடுவாங்க, எல்லாம் சொன்னேன்."

எனக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. அந்தக் கட்டடத்தில்தான் வில்னேர் வேலை பார்த்தான்.

"ஏன்டா?" என்றேன். "ஏன்டா பாவி?"

காரணம் என்று அவன் சொன்னது கால் காசு பெறாது. போன ஞாயிற்றுக்கிழமை டோமினோ மேஜையில் சிப்ரியான் என்பவன் சொல்லியிருக்கிறான், 'உன் பேத்தியைச் சந்தையில பாத்தேன் எலிஹியோ, உன்னையே உரிச்சு வச்சிருக்கா, ஆனா அடுப்புல கொஞ்சம் அதிகமா வெந்துட்டா.' எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். இவனும் சிரித்திருக்கிறான். இரண்டு நாள் அதை மனசில் போட்டு அரைத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை போனை எடுத்திருக்கிறான்.

"அவனை அனுப்பிட்டா அவ வீட்டுக்கு வந்துருவான்னு நினைச்சேன்," என்றான். "அவ்வளவுதான் நினைச்சேன்."

டமாரிஸுக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தது. டாக்சி பிடித்து அவள் வீட்டுக்கு ஓடினோம். மழை பிடித்துக்கொண்டது. டாக்சி டிரைவர் ஒரு வாயாடி. ரேடியோச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "காலையில மேற்குப் பக்கம் பாத்தீங்களா?" என்றான். "நாலு லாரி. எலி மாதிரி ஓடினானுங்களாம், ஒருத்தன் மாடியிலருந்தே குதிச்சானாம். நல்லா வாரிட்டுப் போகட்டும். நம்ம ஊரு சுத்தமாகட்டும்."

"குதிச்சவன் யாரு?" என்று எலிஹியோ முன்னால் எட்டிக் கேட்டான்.

"எவனோ ஒருத்தன். எல்லாம் ஒரே மூஞ்சிதானே."

"யாருன்னு கேட்டேன்!" என்று கத்தினான் எலிஹியோ. டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். இதே பேச்சை எலிஹியோ தன் காரில் முப்பது வருஷம் பேசியிருக்கிறான்.

டமாரிஸ் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் மழையில் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு வெளியே வந்தாள். வில்னேரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், டமாரிஸ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்கு ஓடியிருக்கிறாள் என்றாள். "குதிச்சது அவன் இல்ல," என்று நான் கேட்காமலே சொன்னாள். "வில்னேர் ஓடவே இல்லையாம். 'எம் பொண்டாட்டி இந்த ஊருக்காரி, பேசினா புரிஞ்சுக்குவாங்க'ன்னு நின்னானாம்."

கிடங்கு எல்லைக்குப் போகிற நெடுஞ்சாலையில் இருந்தது. பிடித்தவர்களை அங்கே அடைத்துவைத்து, லாரி நிறைந்ததும் எல்லைக்குக் கொண்டுபோவார்கள். கம்பி வேலிக்கு வெளியே முப்பது நாற்பது பெண்கள் நனைந்துகொண்டு நின்றார்கள். ஒருத்தி உள்ளே பார்த்துத் தன் பாஷையில் ஒரு பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். இன்னொருத்தி கையில் ஒரு ஜோடி செருப்பு வைத்திருந்தாள், கொடுத்துவிடுங்கள் என்று காவலாளிகளிடம் கெஞ்சிக்கொண்டு.

தொழிற்சாலைச் சீருடையோடு டமாரிஸ் நின்றாள், இடுப்பில் நைலா. குழந்தைக்கு ஜுரம்போல, கழுத்தில் முகத்தைப் புதைத்திருந்தாள். டமாரிஸ் என்னை முதலில் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வந்த அப்பாவைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குத் தாங்கவில்லை. ஆறு வருஷக் கோபம் ஒரு நொடியில் கழன்று விழுந்தது.

"அப்பா," என்றாள். "வந்துட்டீங்களா? சொல்லுங்கப்பா அவங்ககிட்ட. நீங்க சொன்னா கேப்பாங்க. நான் சொல்றதை எவனும் கேக்கல."

எலிஹியோ அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகக் கேட்டுக்குப் போனான். அங்கே ஒரு சார்ஜன்ட், கோழிக்கறி தின்றுகொண்டிருந்தான்.

"சார், உள்ள வில்னேர்னு ஒருத்தர் இருக்கார். அவரை விட்டுருங்க. என் மருமகன்."

சார்ஜன்ட் அவனை மேலும் கீழும் பார்த்தான். "நீயும் அவங்க ஆளா? உன் அட்டையை எடு."

எலிஹியோ அடையாள அட்டையை எடுத்து நீட்டினான். வேறு நாளாக இருந்தால் அந்தக் கேள்விக்கு அடிதடியே நடந்திருக்கும்.

"தகவல் தப்பு சார். அந்தக் கட்டடத்தைப் பத்தி நேத்து போன் பண்ணினது நான்தான். நான் பொய் சொல்லிட்டேன். அவர்மேல இருந்த வன்மத்துல சொன்னேன். அவர் நல்லவர். நான் எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன்."

சார்ஜன்ட் விரலை நக்கிக்கொண்டே சிரித்தான். "ஓ, நீதானா அது? நல்ல தகவல்பா. சொன்ன வாசல்லயே வந்து மாட்டினானுங்க. தேசத்துக்கு உன்ன மாதிரி பத்துப் பேர் இருந்தாப் போதும். போ, போய் மழையில நனையாம நில்லு."

"நான் திரும்ப வாங்கிக்கறேன் சார், சொன்னதை."

"இது என்ன கடையா, வாங்கின சாமானைத் திருப்பிக் குடுக்க?"

நான் திரும்பிப் பார்த்தேன். டமாரிஸ் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான். கண்கள் மட்டும் எங்கோ போய்விட்டன.

அப்போதுதான் கேட்டைத் திறந்தார்கள். கம்பி போட்ட லாரி வெளியே வந்தது. உள்ளே ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள், சிமெண்ட் தூசி ஒட்டிய முகங்கள், மழையில் அது கோடு கோடாக வழிந்தது. பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள். வில்னேர் பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"டமாரிஸ்!" என்று கத்தினான். "ஜுர மருந்து அலமாரி மேல் தட்டுல இருக்கு! ராத்திரிக்குக் குடு!"

எலிஹியோ லாரிக்குப் பின்னால் ஓடினான். அந்த முழங்காலோடு. சேற்றில் கால் வழுக்க வழுக்க ஓடிப்போய்ப் பின் கம்பியை ஒரு கையால் பிடித்துவிட்டான். "வில்னேர்! வில்னேர்!" என்றான். ஆறு வருஷத்தில் அந்தப் பெயரை அவன் வாயால் சொல்லி அன்றுதான் கேட்டேன். மூச்சு வாங்கியது.

வில்னேர் குனிந்து, கம்பிக்கு நடுவே அவன் விரல்களைத் தொட்டான். "எலிஹியோ ஐயா, விடுங்க, விழுந்துடுவீங்க," என்றான். "பாத்து, கால் பத்திரம்."

லாரி வேகம் எடுத்தது. எலிஹியோ விழுந்தான்.

நான் போய்த் தூக்கினேன். நெற்றியில் ரத்தம், வாயெல்லாம் சேறு. டமாரிஸ் எங்களைத் தாண்டி நடந்தாள். என் பக்கத்தில் மட்டும் நின்று, "அத்தை, இவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க," என்றாள். எலிஹியோ அவள் சீருடை நுனியைப் பிடிக்கப் பார்த்தான். அவள் துணியை விடுவித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டாள்.

வில்னேர் திரும்பி வர முயற்சி பண்ணினான். ஒரு தரம் வழியிலேயே பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு தரம், கூட்டிவருவதாகச் சொன்னவனே பையைப் பிடுங்கிக்கொண்டு காட்டில் விட்டுவிட்டான். அதற்குமேல் டமாரிஸ் பொறுக்கவில்லை. வேலையை விட்டாள், வீட்டுச் சாமான்களை விற்றாள், நைலாவை அழைத்துக்கொண்டு எல்லை ஆற்றுக்கு அக்கரைக்கே, அவனிடமே போய்விட்டாள். வாரம் ஒரு தரம் எனக்குப் போன் பண்ணுவாள். தண்ணீர் தூரத்திலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது, நைலா அந்த பாஷையை வேகமாகக் கற்றுக்கொள்கிறாள் என்பாள். அப்பாவைப் பற்றிக் கேட்கமாட்டாள்.

எலிஹியோ டோமினோ மேஜைக்குப் போவதை விட்டுவிட்டான். சாப்பாடு இறங்கவில்லை. நான் கொண்டுபோய் வைக்கிற வாழைக்காய் மசியல் அப்படியே காய்ந்துகிடக்கும். சில நாள் மதியத்தில் அதே கொட்டகைக்குப் போய், உள்ளே நுழையாமல், வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான் என்று ஆட்கள் சொன்னார்கள். படம் எப்போதோ மாறிவிட்டது.

எல்லை ஊரான தஹபோனில் திங்களும் வெள்ளியும் சந்தை. அந்த இரண்டு நாளும் பாலத்தைத் திறந்துவிடுவார்கள், அக்கரை ஆட்கள் வந்து வாங்கி விற்றுவிட்டுப் போவார்கள். எலிஹியோ பஸ் பிடித்து அங்கே போக ஆரம்பித்தான். பாலத்தடியில் தள்ளுவண்டிகளுக்கு நடுவே நின்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பான். நாலைந்து வாரம் கழித்து வில்னேர் வந்தான். அன்று நானும் கூடப் போயிருந்தேன். இளைத்துப்போயிருந்தான். அரிசி மூட்டை ஏற்றிய தள்ளுவண்டியை நிறுத்தி, நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"டமாரிஸ் சொன்னா," என்றான். "நீங்கதான்னு."

"ஆமா," என்றான் எலிஹியோ.

"லாரிக்குப் பின்னால நீங்க ஓடி வந்தப்போ, அன்னிக்குத்தான் என்னை மருமகன்னு ஏத்துக்கிட்டீங்கன்னு நினைச்சேன். வழியெல்லாம் அதையே நினைச்சுட்டுப் போனேன். பக்கத்துல நின்னவன்கிட்டகூடச் சொன்னேன், அதோ என் மாமனார்னு." வண்டிக் கைப்பிடியைப் பிடித்தான். "எனக்கு நேரமாகுது."

எலிஹியோ அவன் பின்னாலேயே பாலத்தின் பாதி வரைக்கும் போனான். வில்னேர் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மாசம் கழித்து டமாரிஸ் போனில் சொன்னாள், "அத்தை, நைலா தாத்தா எங்கன்னு கேக்கறா. யாரோ பள்ளிக்கூடத்துல கேட்டிருக்காங்க போல. வர்ற வெள்ளிக்கிழமை பாலத்துக்குக் கூட்டிட்டு வர்றேன். நான் அவர்கூடப் பேசமாட்டேன். குழந்தை பாக்கட்டும், அவ்வளவுதான்."

நான் போய்ச் சொன்னபோது எலிஹியோ கட்டிலில் படுத்திருந்தான். எழுந்து உட்கார்ந்தான். என்ன நிறம் பிடிக்கும் அவளுக்கு என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. அடுத்த நாள் அவனே போய் ஒரு சின்னக் குடை வாங்கிக்கொண்டு வந்தான்.

வியாழக்கிழமை ரேடியோவில் சொன்னார்கள், இரண்டு அரசுகளுக்கும் தகராறு, மறு உத்தரவு வரும்வரை எல்லையை அடைத்துவிட்டார்கள் என்று. எவ்வளவு சொல்லியும் அவன் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை நானும் கூடவே போனேன். பாலத்துக் கதவில் சங்கிலி. சந்தைத் திடல் காலி, வெங்காயச் சருகுதான் பறந்துகொண்டிருந்தது. டமாரிஸின் போன் கிடைக்கவில்லை.

நான் காபி வாங்கத் திரும்பிய நேரத்தில் அவன் கரையில் இறங்கிவிட்டான். அந்த இடத்தில் ஆறு முழங்கால் அளவுதான், ஆனால் கல் வழுக்கும். ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் குடை. சிப்பாய்கள் முதலில் சிரித்தார்கள்.

"ஏய் கிழவா! எல்லாரும் அங்கிருந்து இங்க வருவாங்க. நீ என்ன தலைகீழா போறே?"

அவன் நிற்கவில்லை. நடு ஆற்றில் விழுந்தான். இரண்டு பேர் இறங்கிக் கக்கத்தில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவன் அவர்கள் கையைக் கடிக்கப் பார்த்தான், என் தம்பி, அறுபத்தோரு வயதில். இளவயது அதிகாரி ஒருத்தன் வந்தான்.

"அந்தப் பக்கம் உனக்கு யார் இருக்கா?"

"என் பேத்தி."

"ஹைத்திக்காரியா?"

எலிஹியோ அவனைப் பார்த்தான். "ஆமா," என்றான். "என் பேத்தி ஹைத்திக்காரி."

"இன்னொரு தரம் இறங்கினா உள்ள வைப்பேன்," என்று சொல்லிவிட்டு அந்தப் பையன் போனான். குடை ஆற்றோடு போய்விட்டது.

அவனைக் கரையில் உட்காரவைத்துப் பேண்ட் காலைப் பிழிந்துவிட்டேன். அக்கரையிலும் ஆட்கள் நின்றார்கள், கதவு திறக்குமா என்று பார்த்துக்கொண்டு. தூரம். வெயிலில் கண் கூசியது.

"உனக்குக் கண்ணு நல்லாத் தெரியுமே நெரெய்டா," என்றான். "அதோ அந்த மஞ்சள் சட்டை. சின்னதா தெரியுதே. குழந்தையா பாரு."

நான் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தேன். குழந்தையாகவும் இருக்கலாம், யாரோ கீழே வைத்த மூட்டையாகவும் இருக்கலாம்.

"தெரியலடா," என்றேன்.

"நல்லாப் பாரு. கையை ஆட்டுதா பாரு."

பஸ் புறப்படுகிற வரைக்கும் அதையே கேட்டுக்கொண்டிருந்தான். எல்லைக் கதவு இன்றுவரைக்கும் திறக்கவில்லை.